ஆளை நட்ட தோட்டம்

பிரேமினி செய்த பிழை ஒரே ஒரு சொல்லில்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி நாலு பக்கம் எழுதி, டப்ளின் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பியும் விட்டாளே, அதுதான் வில்லங்கம்.

இலங்கை மலையகத்து வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷ் டீச்சர். வயது இருபத்தெட்டு. பேராதனையில் படித்துவிட்டு, பிறந்த ஊசிப்பாறைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வருகிறாள். அம்மா அம்மாக்கண்ணு இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அப்பா பொன்னையா பொல்பிட்டிய பக்கம் ஒரு கட்டட வேலையில் தங்கிவிட்டார். மாதத்தில் ஒரு தடவை வந்து, நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிவிட்டுப் போவார். ஆகவே வீட்டில் வாய்ச்சண்டை போட ரெண்டே பேர். அவர்கள் குறை வைப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு முந்தி ஒரு நாள், பாடம் இல்லாத ஒரு மணி நேரத்தில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவித்தல் கண்ணில் பட்டது. அயர்லாந்தின் பிளான்டேஷன்கள்: இலக்கியம், அரசியல், சமூகம், 1550 முதல் 1700 வரை. முதுகலை ஆய்வு. முழு உதவித்தொகை. விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள்.

மலையகத்தில் பிறந்த ஒருத்திக்குப் பிளான்டேஷன் என்பது இங்கிலீஷ் சொல்லே இல்லை, வீட்டு விலாசம். கம்பனிப் பலகையில் அதுதான், அமைச்சின் பெயரில் அதுதான், பள்ளிக்கூடத்துப் பழைய முத்திரையில் அதுதான். இலக்கியம் அவளுடைய பாடம், தோட்டம் அவளுடைய பிறப்பு. இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில்கூட வராது என்று அவளுக்குத் தோன்றியது.

ஆயிரத்து ஐநூற்று ஐம்பதில் அயர்லாந்தில் ஏது தேயிலை என்று அரை நிமிஷம் யோசித்தாள். ராகலையில் அவளுடைய சித்தி அழகம்மை உருளைக்கிழங்கு போடுகிறாள். அயர்லாந்து என்றாலும் உருளைக்கிழங்குதானே. அங்கே கிழங்குத் தோட்டமாக இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாள். கிழங்கைப் பற்றி எழுத அவளுக்கு ஒன்றுமே தெரியாததால், நல்ல காலம், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எழுதியதெல்லாம் ஊசிப்பாறை. கடல் தாண்டி ஆட்களைக் கூட்டி வந்தது, பத்தடிக்குப் பத்தடி காம்பராவில் குடித்தனம் வைத்தது, காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியது, தோட்டத்துக்குத் துரைமார் ஒரு பெயரும் சனங்கள் ஒரு பெயரும் வைத்திருப்பது. கடைசியில் ஒரு வரி: இதே கண்ணோடு உங்கள் பிளான்டேஷன்களையும் வாசிக்க விரும்புகிறேன். மணி அடித்தது, அனுப்பிவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போனாள்.

பதில் வந்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. உங்களுடைய துணிச்சலான ஒப்பீடு எங்களை மிகவும் கவர்ந்தது, இறுதிச் சுற்றுக்கு உங்களைத் தேர்ந்திருக்கிறோம், வருகிற திங்கட்கிழமை இலங்கை நேரம் பிற்பகல் இரண்டரைக்கு வீடியோவில் நேர்முகம் என்று எழுதியிருந்தார்கள். துணிச்சலான ஒப்பீடா? வெள்ளைக்காரர்கள் மரியாதைக்கு இப்படித்தான் ஏதாவது எழுதுவார்கள் என்று அதைத் தாண்டிப் போய்விட்டாள். அங்கேதான் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அம்மாக்கண்ணு நின்று பார்க்கிற ஆளே இல்லை. அன்று மாலையே கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொல்லிவிட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயில் கமிட்டி விஜிதரன் மைக்கைப் பிடித்து, "எமது தோட்டத்தின் புதல்வி பொன்னையா பிரேமினி அயர்லாந்து தேசம் சென்று தேயிலை ஆராய்ச்சி செய்யவிருக்கிறார்" என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டான். தேயிலை என்ற சொல்லை யார் சேர்த்தது என்று தெரியவில்லை. தானாக முளைத்திருக்கும்.

சனிக்கிழமை பிரேமினி ஹட்டனுக்குப் போனாள். பல்கலைக்கழகம் அனுப்பியிருந்த வாசிப்பைத் தம்பையா முதலாளியின் புத்தகக் கடையில் அச்சடித்து, நூற்றிருபது பக்கம், மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். ஜன்னலோர இருக்கை, நல்ல வெளிச்சம், கையில் பென்சில். ராணி மாதிரித்தான் படிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

அங்கே தேயிலை இல்லை. கிழங்கும் இல்லை. ஒரு செடிகூட இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்து அரசு அயர்லாந்துக்காரர்களுடைய நிலத்தைப் பிடுங்கி, அளந்து, துண்டு போட்டு, இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் சனங்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. அந்தக் குடியேற்றத்துக்குத்தான் பிளான்டேஷன் என்று பெயர். நட்டது ஆட்களை.

பிரேமினிக்குக் காது சூடாகிவிட்டது. பக்கங்களைப் புரட்டப் புரட்ட இன்னும் மோசமாக இருந்தது. போர், சட்டம், நில அளவை. பழைய பிரபுக்கள் கப்பலேறிப் போனது. அவர்களை அண்டிப் பாடிக்கொண்டிருந்த புலவர்கள் அடுத்த வேளைக்கு யார் வாசலில் நிற்பது என்று தெரியாமல் திண்டாடியது. எல்லாம் இருந்தது, அவள் எழுதிய நாலு பக்கத்துக்கு மட்டும் அதில் இடம் இல்லை. துணிச்சலான ஒப்பீடு என்றால் என்ன என்று இப்போது புரிந்தது. அவளுடைய அறியாமையை அவர்கள் அறிவு என்று நினைத்துவிட்டார்கள். வட்டவளையில் இறங்க வேண்டியவள், கண்டக்டர் "கினிகத்தேனை, கினிகத்தேனை" என்று கத்தியபோதுதான் தலையை நிமிர்த்தினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டே தரணிதரனுக்குப் போன் போட்டாள். தரணிதரன் அவளுடைய பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஏதாவது சிக்கல் என்றால் முதலில் விழுந்து விழுந்து சிரிப்பார், பிறகு ஒரு வழி சொல்லுவார். இரண்டிலும் அன்று அவர் தவறவில்லை.

"உருளைக்கிழங்கா? டீச்சர், சத்தியமா?"

"சிரிச்சு முடிச்சிட்டு சொல்லுங்க சேர். நான் வெச்சுட்டுப் போறேன்."

"இருங்க, இருங்க. இதுல கவலைப்பட என்னா இருக்கு? நீங்க கிழங்குன்னு எழுதலைதானே?"

"இல்ல."

"அப்ப ஒங்க மனசுல கிழங்கு இருந்தது யாருக்குத் தெரியும்? ஒப்பீடுன்னு அவங்களே பேர் வெச்சுட்டாங்க. ஆமாங்க, ஒப்பீடுதான், ரெண்டு வருஷமா இதத்தான் யோசிச்சேன்னு அடிச்சு விடுங்க. பொய்கூட இல்ல, சும்மா தலையாட்டுறதுதான்."

"அடுத்த கேள்வி கேட்டா?"

"ரெண்டு நாள் இருக்கு, படிச்சிருங்க. எத்தனை பேரு இதவிட மோசமாச் சமாளிச்சு எங்கெங்கயோ போயிருக்காங்க டீச்சர். நம்ம புள்ளைகளுக்கு எப்பவாவது ஒருக்கா கதவு தொறக்குது. நீங்களே அதச் சாத்திப்புடாதீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைப் படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை லயத்து வாசலில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. பிரேமினி அச்சடித்த தாள்களை மடியில் பரப்பிக்கொண்டு, போனில் ஒரு கடிதம் எழுதி, அழித்து, எழுதிக்கொண்டிருந்தாள். தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்முகத்துக்கு வர முடியவில்லை என்று இரண்டு வரி. பொய் சொல்லவும் வேண்டாம், பிழையை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், நைசாகக் கழன்றுகொள்ளலாம். அம்மாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னா புள்ள, சூனியம் வெச்ச மாதிரி உக்காந்திருக்க? நாளைக்குப் பேசணும்ல. கட்டிக்கப் புடவையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

"நான் பேசலம்மா."

அம்மாக்கண்ணுவின் கை நின்றது. பிரேமினி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் கோபத்துக்குப் போவதா சிரிப்புக்குப் போவதா என்று தெரியாமல் நடுவில் நின்றது.

"அப்ப அங்க தேயிலையே இல்லையா?"

"இல்ல."

"கொழுந்து எடுக்காத தோட்டமா?"

"ஆளுங்கள நட்ட தோட்டம்மா. கப்பல்ல கொண்டாந்து."

அம்மாக்கண்ணு ஒரு கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். அவள் முப்பத்தைந்து வருஷம் மலையில் நின்றவள். பழைய தேயிலையைக் கழித்துப் புதுச்செடி வைக்கிறதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால் அடுத்த கேள்வி வேலை தெரிந்தவளின் கேள்வியாகவே வந்தது.

"பழசப் புடுங்காம புதுசு நட முடியாதே. புடுங்கினதுங்கள எங்க கொண்டு போட்டாங்க?"

பிரேமினி பதிலைத் தேடித் தாள்களைப் புரட்டினாள். அறுபத்தேழாம் பக்கத்தில் இருந்தது. ஆயிரத்து அறுநூற்று ஐம்பதுகளில், ஒரு பெரிய போருக்குப் பிறகு, நிலம் பறிபோனவர்களை ஷன்னன் ஆற்றுக்கு மேற்கே, மண் மோசமான பக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். போகிறவர்களுக்கு ஒரு சான்றிதழ். அதில் பெயர், வயது, உயரம், முடியின் நிறம், கூடப் போகிற ஆட்கள், மாடு எத்தனை, ஆடு எத்தனை. அதை அவள் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"முடி என்னா நெறம்னு எழுதினாங்களா?"

"ஆமா. ஆள் மாறிடக் கூடாதுன்னு."

அம்மாக்கண்ணு கீரையைத் தள்ளி வைத்துவிட்டாள். "எங்க மூக்கன் சித்தப்பாவுக்கு இடது புருவத்துல மச்சம்னு எழுதுனாங்க. இந்தியாவுக்கு அனுப்புறப்ப. எனக்கு அப்ப ஒம்பது வயசு. அட்டன் டேசன்ல அழுகைக் கோச்சி நின்னுச்சு. அந்தக் கடுதாசியத் தூக்கித் தூக்கிக் காமிச்சுகிட்டே ஏறுனாரு. அதுக்கு முன்னாடி அவரு புருவத்த நாங்க யாரும் பாத்ததே இல்ல."

அழுகைக் கோச்சி என்றால் இங்கே விளக்கம் தேவையில்லை. இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்துச் சனங்களைப் பங்கு பிரித்த காலத்தில், தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் அது. பிரேமினி அதைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறாள். மச்சத்தைப் பற்றி மட்டும் அன்றுதான் கேட்டாள். நானூறு வருஷத்துக்கு முந்தி எங்கேயோ ஒரு குமாஸ்தா பழுப்பு முடி என்று எழுதினான், இங்கே ஒரு குமாஸ்தா புருவத்தில் மச்சம் என்று எழுதினான். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி இருந்தது.

உடனே ஒரு நினைப்பு ஓடி வந்தது. அட, நாங்களும் அந்த அயர்லாந்துக்காரர்கள் மாதிரித்தானே! ஒப்பீடு கையில் கிடைத்துவிட்டது, நாளைக்கு இதைச் சொன்னால் போதும். சந்தோஷத்தில் எழுந்து நின்றாள். நின்ற இடத்திலிருந்து கீழே பள்ளத்தில் சிங்களக் கிராமம் தெரிந்தது, அதன் ஓரத்தில் சுதுமெனிக்கேயின் சின்னக் கடையும் தெரிந்தது. சின்ன வயசில் அங்கே வெற்றிலை வாங்கப் போனபோது, சுதுமெனிக்கே நாலாம் நம்பர் மலையைக் கை காட்டி, அது எங்கள் முத்தாவுடைய, அதாவது முப்பாட்டனுடைய, சேனைப் பயிர் நிலம் இருந்த இடம், வெள்ளைக்காரன் காடு என்று எழுதி எடுத்துக்கொண்டான் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வருகிறது என்பது மாதிரி சொன்னாள். பிரேமினி மிச்சக் காசை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

அந்த நாலாம் நம்பர் மலையில்தான் அம்மா இப்போது கொழுந்து எடுக்கிறாள்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். கதையில் நாங்கள் யார்? பிடுங்கப்பட்டவர்களா, நடப்பட்டவர்களா? அன்று முழுக்க அவள் அந்தத் தாள்களை விடவில்லை. அம்மாக்கண்ணு சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து தாள்களின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். இரண்டு வரிக் கடிதம் போனில் அப்படியே கிடந்தது. அதை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை இரண்டேகாலுக்குப் பள்ளிக்கூடத்து நூலக அறையைத் தரணிதரன் பிடித்துக் கொடுத்தார். மடிக்கணினி அவருடையது. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு அவரே காவல் உட்கார்ந்தார். "தலையாட்டினாப் போதும் டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் வழுக்கைத் தலையோடு தலைவர், இடப்பக்கம் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் பேராசிரியர், வலப்பக்கம் சிரிக்கவே பழகாத ஓர் இளம் விரிவுரையாளர். தலைவர் நல்லவராகத் தெரிந்தார். அதுவே ஆபத்து. அவருடைய முதல் கேள்வியே கதவைத் திறந்து பாய் விரித்தது.

"இரண்டு வகைப் பிளான்டேஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யோசனை எங்களுக்கு மிகவும் பிடித்தது. அது உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

தலையாட்டினால் போதும். பிரேமினிக்குத் தலை ஆடக்கூடத் தொடங்கிவிட்டது. பிறகு நின்றது. ரெண்டு வருஷம் இவர்கள் முகத்தில் விழித்துக்கொண்டே இந்தப் பொய்யைச் சுமக்க வேண்டும், ஒவ்வொரு தாளிலும் அதற்கு மேல் இன்னொன்று அடுக்க வேண்டும். அது தன்னால் ஆகாது என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்லவள் என்பதால் இல்லை. பொய்யில் அவள் கெட்டிக்காரி இல்லை, அவ்வளவுதான்.

"எனக்குத் தோன்றவில்லை," என்றாள். "நான் அந்தச் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் அது பயிர் நடுகிற இடம். உங்கள் நாட்டிலும் ஏதோ பயிர் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், உருளைக்கிழங்கு என்று நினைத்தேன்."

சிவப்புச் சட்டைக்காரப் பேராசிரியர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்போது தெரிந்தது?"

"முந்தாநாள். பஸ்ஸில். இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்."

தலைவர் சிரித்துவிட்டார். இளம் விரிவுரையாளர் சிரிக்கவில்லை. "அப்படியானால் இந்த விண்ணப்பத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

கேள்வி சுள்ளென்று இருந்தாலும் நியாயமான கேள்வி. பிரேமினி புடவை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நூற்றிருபது பக்கத்தில் ரெண்டு விதமான ஆட்கள் பெரிதாகத் தெரிகிறார்கள். நிலம் பறிபோன ஆட்கள், நிலம் கிடைத்த ஆட்கள். நான் எங்களை அதில் தேடினேன். எங்களைக் கொண்டுவந்து நட்டார்கள், ஆனால் நிலம் எங்களுடையதாக இல்லை. பிறகு எங்களில் பாதியைப் பிடுங்கி அனுப்பினார்கள், புருவத்து மச்சம் வரைக்கும் எழுதி. அதனால் நாங்களும் உங்கள் பழைய குடிகள் மாதிரித்தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் என் அம்மா வேலை செய்கிற மலையில் எங்களுக்கு முந்தி வேறொருவருடைய சேனை இருந்திருக்கிறது. அவரைப் பற்றி நேற்றுவரை நான் யோசித்ததே இல்லை. அதனால் நாங்கள் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"இப்படி ரெண்டு பக்கத்திலும் சேராத ஆள் உங்கள் நாட்டிலும் இருந்திருக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லாமல் வந்து இறங்கிய குடியேறி. தன் பழைய நிலத்திலேயே புதுத் துரைக்குக் கூலி வேலை செய்த ஆள். புலவர்கள் இவர்களைப் பாடியிருக்க மாட்டார்கள், பிரபுக்களைத்தான் பாடியிருப்பார்கள். ஆனால் நிச்சயம் திட்டியிருப்பார்கள். திட்டு இருக்கிற இடத்தில் ஆள் இருந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம். நான் அந்தத் திட்டுகளைத் தேடிப் படிக்க விரும்புகிறேன்."

சிவப்புச் சட்டைக்காரர் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு ஏதோ வேகமாக எழுதினார். "நிறையத் திட்டியிருக்கிறார்கள்," என்றார். "உங்களால் கற்பனை செய்ய முடியாத அளவுக்கு."

"எங்கள் தோட்டத்திலும் திட்டுவார்கள்," என்றாள் பிரேமினி. "எனக்குப் பழக்கம்தான்."

இளம் விரிவுரையாளர் விடவில்லை. "அந்தப் பாடல்கள் எல்லாம் நானூறு வருஷத்து ஐரிஷ் மொழியில் இருக்கின்றன. உங்களுக்கு அதில் ஒரு சொல்லாவது தெரியுமா?"

"தெரியாது."

"பிறகு?"

"சிங்களத்தை நான் அலுவலகப் படிவங்களை நிரப்பி நிரப்பிக் கற்றேன். இங்கிலீஷைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் முழுசாகக் கற்றேன். ஒரு வருஷம் கொடுத்தால் இதையும் கற்பேன். இந்தத் தடவை அகராதியை முதலில் திறப்பேன்."

அந்த மனிதர் அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார். அது நல்லதா கெட்டதா என்று இங்கிருந்து எப்படித் தெரியும்?

கதவைத் திறந்து வெளியே வந்ததும் தரணிதரன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "சொல்லிட்டீங்களா?"

"கிழங்கு உட்பட."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு அவளுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். கணக்கு வாத்தியார் சொந்தக் காசில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தது அந்தப் பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தில் இல்லாத விஷயம்.

வீட்டில்தான் பூகம்பம். அம்மாக்கண்ணு முதலில் நம்பவே இல்லை. "அவங்களா கேட்டாங்களா, தப்பா எழுதினியான்னு? இல்லையே? நீயா வாயத் தொறந்து சொன்னியா? ஏண்டி, ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேனேடி. கோயில் மைக்குல சொல்லிட்டானே. இனி பெரட்டுக்களத்துல எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு நிப்பேன்?"

"தேயிலைன்னு நான் சொல்லலையேம்மா."

"வாய மூடு. பேசாத."

அப்புறம் அவள்தான் பேசவில்லை. இரண்டு நாள் தட்டை டங்கென்று வைப்பதோடு சரி. பிரேமினிக்கு அம்மாவின் கோபம் பழக்கம், ஆனால் அம்மா வெட்கப்படுவது பழக்கம் இல்லை. காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மற்றப் பெண்களுக்கு முந்தியே தனியாக மலைக்குப் போய்விடுகிறாள் என்று தெரிந்தபோது, செய்தது சரிதானா என்று அவளுக்கே ஆட்டம் கண்டது. இருபத்தெட்டு வருஷத்தில் அம்மாவுக்குப் பெருமைப்பட ஒரு விஷயம் கொடுத்துவிட்டு, ஒரு பிற்பகலில் அதைத் தானே பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மூன்று வாரம் அப்படித்தான் போயிற்று.

பதில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. பிரேமினி பத்தாம் வகுப்பில் செயப்பாட்டு வினை நடத்திக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும்வரை போனைத் திறக்கவில்லை, திறந்த பிறகு நின்ற இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. இரண்டு நிபந்தனை. முதல் வருஷம் முழுக்க ஐரிஷ் மொழி படிக்க வேண்டும், பரீட்சையில் தேற வேண்டும். இரண்டாவது, விண்ணப்பத்தைத் திருப்பி எழுத வேண்டும். உங்கள் பிழையை மறைக்காமல் அதிலிருந்தே தொடங்குங்கள் என்று தலைவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இளம் விரிவுரையாளர் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: எந்தப் பக்கமும் சேராத அந்த மூன்றாவது ஆளைப் பற்றி எங்களிடம் புத்தகம் இல்லை, அதை நீங்கள்தான் எழுத வேண்டியிருக்கும்.

அவள் பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. குறுக்குப் பாதையில் தேயிலைக்குள் புகுந்து, சப்பாத்தெல்லாம் சேறாகி, கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நேராகப் போனாள். அம்மாக்கண்ணு கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். பிரேமினி காதோடு சொன்னாள். ஒவ்வொன்றாக, நிபந்தனையையும் சேர்த்து, அந்தக் கடைசி வரியையும் சேர்த்துச் சொன்னாள். அம்மாக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

வரிசையில் பின்னால் நின்ற நாகலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "என்னாக்கா, டீச்சருக்குத் தேயில படிப்பு கெடைச்சிருச்சா?"

"தேயிலையும் இல்ல, மண்ணும் இல்ல," என்றாள் அம்மாக்கண்ணு. குரல் பழைய குரல், மலை முழுக்கக் கேட்கிற குரல். "எம்புள்ள தப்பாப் படிச்சுப்புடுச்சு. அங்க ஆளுங்களத்தான் நட்டாங்களாம், செடிய இல்ல. தப்பாப் படிச்சத அதுவே அவங்ககிட்டச் சொல்லிருச்சு, யாரும் கேக்காமலே. வான்னுட்டாங்க."

நாகலெட்சுமி குழம்பிப்போய்ப் பிரேமினியைப் பார்த்தாள், மறுபடி அம்மாக்கண்ணுவைப் பார்த்தாள். "அப்ப நம்மளப் பத்தி அங்க புத்தகத்துல ஒண்ணும் இல்லையா?"

"இல்லையாம்," என்றபடி அம்மாக்கண்ணு கூடையைத் தராசில் மாட்டினாள். "எம்புள்ள எழுதத்தான் போவுது."